பள்ளத்து வாய்

காலை ஏழு மணிக்கு மேல் மீன் சந்தையில் சும்மா நிற்கிறவனுக்கு இடம் கிடையாது. ஒன்று கூடை இடிக்கும், இல்லையென்றால் ஆள் இடிப்பான். ஆனாலும் சம்மட்டி அங்கே கால் அகட்டி நின்றுகொண்டிருந்தான். அவனை இடிக்க யாருக்கும் தைரியம் இல்லை. வலைகட்டும் மரங்களை ஆற்றுப் படுகையில் அடித்து இறக்குவது அவன் தொழில். இருபது வருஷமாகச் சம்மட்டி பிடித்த தோள்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் சந்தையில் பாதிப்பேருக்குத் தெரியாது. சம்மட்டி என்றால் குழந்தைகூடக் கைகாட்டும்.

அவன் மனைவி தன் வெட்டுக்கட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மீன் வாங்குகிறவர்கள் அவளிடம் கொண்டுவந்து கொடுத்தால் செதில் சீவி, குடல் எடுத்து, துண்டு போட்டுத் தருவாள். சந்தைக்கே அவள் கத்தியக்கா. ஒரு கெண்டையைத் திருப்பிப் போட்டு, அதன் வயிற்றை வால் பக்கமிருந்து தொண்டை வரைக்கும் ஒரே இழுப்பில் கிழித்தாள். குடலை வழித்தாள். சினையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வாளியில் வீசாமல், பக்கத்தில் இருந்த தூக்குச்சட்டியில் போட்டு மூடினாள்.

"இதோட பதினேழு" என்றாள்.

"எதுக்குடி அதைச் சேத்து வைக்கிற? நாத்தம் குடலப் புடுங்குது."

"கிட்ட வந்து பாருங்க. சினைன்னா எப்படி இருக்கும்? மஞ்சளா, மணி மணியா உதிரும். இது பாருங்க, பழுப்பேறி, கட்டிபுடிச்சு, பாதி தண்ணியாப் போயிருக்கு. முட்டை போட வேண்டிய மீன் போடாமலே வயித்துல வெச்சுக்கிட்டு அலைஞ்சிருக்கு."

"நோவு வந்த மீனா இருக்கும்."

"பதினேழு மீனுக்கும் ஒரே நோவா?"

அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று அவனுக்குத் தெரியும். அதைக் கேட்கத்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் தம்பி வந்து சேர்ந்தான். சின்னப் படகு வைத்து மீன் பிடிக்கிறவன். ஒல்லிக்குச்சி உடம்பு, தண்ணீரில் போட்டால் மூழ்கவே மாட்டான் என்று ஊர் அவனுக்குத் தக்கை என்று பெயர் வைத்திருந்தது. அன்றைக்கு அவன் கூடையில் இருந்த மீனை இரண்டு கையால் அள்ளிவிடலாம்.

"மாமா, அக்கா சொன்னாளா? பள்ளத்து வாயை அடைச்சதுலேர்ந்து மீனுக்கு முட்டை போட இடம் இல்ல. அடுத்த வெள்ளத் தண்ணி வந்ததும் நான் அந்தத் தடுப்புக் கட்டை உடைக்கப் போறேன். ஒளிஞ்சு மறைஞ்சு இல்ல. சொல்லிட்டுத்தான் செய்றேன்."

சந்தையில் நாலு பக்கமும் தலைகள் திரும்பின. கட்டுக்குக் காவல் சம்மட்டி என்பது எல்லாருக்கும் தெரியும். மீனவர் சங்கம் அவனை வைத்திருந்தது. எல்லாரும் பார்க்கும்போது அவன் வாயிலிருந்து என்ன வரும்?

"உடைச்சுப் பாரு மாப்ள. உடைக்கிற கை உனக்கு இருக்காது."

கத்தியக்காவின் கத்தி பாதி மீனில் நின்றது. கூடப் பிறந்தவன் ஒரு பக்கம், கட்டிக்கொண்டவன் ஒரு பக்கம். சந்தையில் நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை இருவரில் யாரும் திரும்ப எடுக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

வாய் எப்படி அடைபட்டது என்பதைச் சொல்லாவிட்டால் இவர்கள் எல்லாரும் கிறுக்கர்கள் என்று தோன்றும். கிறுக்கர்கள் இல்லை. ஆற்றோடு பிறந்து ஆற்றோடு வளர்ந்தவர்கள். எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவன் செய்கிற தப்பைத்தான் இவர்களும் செய்தார்கள்.

ஊருக்குக் கீழே ஆற்றோரமாக ஒரு பெரிய பள்ளம். புல்லும் புதரும் மண்டிக் கிடக்கும். அதற்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள கரையில் நூறடி அகலத்துக்கு ஒரு திறப்பு. அதைத்தான் பள்ளத்து வாய் என்பார்கள். வெள்ளம் வந்தால் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போய்ப் பரவி ஆறேழு வாரம் நிற்கும். ஆறு இறங்கினால் அதே வழியாக வெளியே வரும். கடைசியில் அங்கங்கே குட்டைகள் தேங்கும். குட்டைகளும் வற்றும்போது, வெளியேறத் தெரியாமல் மாட்டிக்கொண்ட மீன்கள் சேற்றில் வாயைத் திறந்து திறந்து மூடிச் சாகும். கொக்கும் பருந்தும் நாயும் அங்கே சண்டை போடும்.

வருஷா வருஷம் இதைப் பார்த்த மீனவர்களுக்கு வயிறு எரிந்தது. எரியாதா? சங்கத் தலைவர் ஒரு நாள் அந்தச் சேற்றில் முழங்கால் அளவு நின்றுகொண்டு, "ஆறு நமக்குக் குடுக்குது, இந்தப் பள்ளம் புடுங்கித் தின்னுது. வாயை அடைச்சிட்டா இத்தனை மீனும் ஆத்துலயே நிக்கும்ல?" என்றார். இதில் என்ன தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. பதினொரு நாளில் தொண்ணூற்றாறு மரங்களைச் சம்மட்டி தன் கையால் அடித்து இறக்கினான். பள்ளத்துப் பக்கம் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். வாய் அடைபட்டது.

முதல் வருஷ வெள்ளத்தில் நடந்ததை இன்றும் கதையாகச் சொல்வார்கள். தண்ணீர் ஏறியதும் சினை மீன்கள் பழகிய வழியைத் தேடிக் கூட்டம் கூட்டமாக வந்து மரங்களில் முட்டின. மூக்கு உடைந்து பின்வாங்கி மறுபடியும் வந்து முட்டின. கட்டின் மேல் நின்ற ஆட்கள் தடியாலும் ஈட்டியாலும் அடித்தார்கள், குத்தினார்கள். மூன்று நாள் அடி ஓயவில்லை. தண்ணீர் சிவந்தது. அடித்தவர்களின் உள்ளங்கை கொப்புளித்தது. தலைவர் மூளை என்றால் மூளை என்று ஊர் கொண்டாடியது.

இரண்டாம் வருஷம் பாதி மீன் வந்தது. இந்த வருஷம் முதல் வெள்ளத்தில் வலையைக் கழுவிக்கொண்டு திரும்பியதுதான் மிச்சம். குஞ்சு இல்லாமல் மீன் எங்கிருந்து வரும்? ஆனால் அப்படி யாரும் யோசிக்கவில்லை. ஆற்றுக்கு மேல்பக்கத்து ஊரான மேல்கரைக்காரன் விஷம் வைக்கிறான் என்றார்கள். அங்கிருந்து வந்த இரண்டு பேரைப் படகோடு கவிழ்த்து மிதித்தார்கள். ஒருவனுக்குத் தாடை நொறுங்கியது. அந்த அடியில் சம்மட்டியின் பங்கும் இருந்தது. எய்தவன் யார் என்று கண்ணாடியில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் கத்தியக்கா அந்தத் தூக்கைக் கொண்டுவந்து கணவன் முன்னால் வைத்தாள். ஒரே அறை வீடு. மூலையில் சம்மட்டியும் கடப்பாரையும் சாய்ந்து கிடந்தன.

"கட்டை நீங்களே பிரிச்சிருங்க. அவன் உடைக்க வரவேண்டாம், நீங்க அடிக்கவும் வேண்டாம்."

"சங்கத்துக்கு வாக்குக் குடுத்தவன் நான்."

"தாலி கட்டி" என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். "எனக்கு ஒண்ணும் வாக்குக் குடுக்கலையா?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ வயித்தைக் கிழிக்கிறவ. உனக்கு ஆத்தைப் பத்தி என்னடி தெரியும்?"

"கிழிக்கிறவளுக்குத்தான் வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும். நீங்க எல்லாம் மேல தெரியிற மீனைத்தானே பாக்குறீங்க!"

அவன் தூக்கை எட்டி உதைத்தான். சுவரில் மோதி விழுந்து, பழுப்புச் சினை தரையெல்லாம் சிதறியது. அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் தூக்கில் போட்டாள். அன்றைக்கு அவள் அவனோடு பேசியது அவ்வளவுதான். அடி வாங்கினால்கூடப் பதில் சொல்லிப் பழகியவன் சம்மட்டி. அந்த மௌனத்தை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

ஒன்பதாவது நாள் இரண்டாவது தண்ணீர் வந்தது. மேலே எங்கேயோ கொட்டிய மழை, விடிந்தபோது கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. வேரோடு பிடுங்கிய மரங்கள் மிதந்து வந்தன. செத்த ஆடு ஒன்று சுழன்று சுழன்று போனது. சங்கத்து ஆட்கள் இருபது பேர் தடிகளோடு கட்டின் மேல் ஏறி நின்றார்கள்.

மீன் வந்தது. முன்போல் கூட்டம் இல்லை. ஆனால் வந்தவை பெரியவை, வயிறு புடைத்தவை. முதல் கெண்டை மரத்தில் முட்டிய சத்தம் கேட்டதும் தலைவர், "அடிங்கடா!" என்றார். தடிகள் விழுந்தன. ஒரு மீன் மண்டை பிளந்தும் சாகாமல் மறுபடி மரத்தை நோக்கியே நீந்தியது. அதை ஈட்டியால் குத்தித் தூக்கினார்கள். அதன் வயிற்றிலிருந்து சினை ஒழுகித் தண்ணீரில் விழுந்தது.

கட்டின் ஒரு முனையில் நின்ற சம்மட்டி மட்டும் அடிக்கவில்லை. அவன் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொன்ன சொல் தவறாமல் தக்கை வந்தான். தோளில் மண்வெட்டி. பின்னால் கூட்டாளிகள் இரண்டு பேர்.

"மாப்ள, திரும்பிப் போ."

"விலகுங்க மாமா."

தக்கை கட்டின் முனையில் ஏறிக் குனிந்து மூட்டைகளை வெட்ட ஆரம்பித்தான். மணல் கொட்டியது. மூன்றாவது மூட்டை சரிந்ததும் இரண்டு மரங்களுக்கு நடுவே தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சங்கத்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கூட்டாளிகள் இருவரையும் தடியால் அடித்துக் கரையில் உருட்டினார்கள். ஒருவனுக்கு நெற்றி கிழிந்து கண் தெரியாமல் ரத்தம் வழிந்தது. தக்கை மட்டும் நிமிராமல் வெட்டிக்கொண்டே இருந்தான்.

"சம்மட்டி! உன் மச்சான்னு பாக்குறியா?" என்று தலைவர் கத்தினார்.

அந்த ஒரு வார்த்தை போதும். சம்மட்டி தன் சம்மட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் காம்பால் ஓங்கி வீசினான். மண்வெட்டி பிடித்த வலது கையில் விழுந்தது. எலும்பு ஒடிந்த சத்தம் அத்தனை இரைச்சலிலும் அவன் காதில் தெளிவாக விழுந்தது. தக்கை தடுமாறி மரங்களுக்கு அந்தப் பக்கம், ஆற்றுக்குள் போனான்.

மூழ்காதவன் என்று பெயர் எடுத்தவன் மூழ்கினான். தான் வெட்டிய ஓட்டையே அவனை இழுத்தது. கால்கள் இரண்டும் மரங்களின் இடைவெளிக்குள் போய், இடுப்பு சிக்கிக்கொண்டது. நெஞ்சு மரத்தோடு ஒட்டிக்கிடந்தது. பின்னால் ஆறு முழுக்க அவன் முதுகைத் தள்ளியது. தலையை அண்ணாந்து வைத்து மூச்சு வாங்கினான். தண்ணீர் அவன் மோவாயைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நாலு பேர் குனிந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். சட்டைதான் கிழிந்து வந்தது. ஒருவன் அவசரத்தில் ஒடிந்த கையைப் பிடித்துவிட, தக்கை போட்ட அலறலில் எல்லாரும் கையை விட்டார்கள்.

"மூட்டையைப் போட்டு ஓட்டையை அடைங்க! இழுப்பு நின்னா ஆளு வந்துருவான்" என்றார் தலைவர்.

"கால் உள்ள இருக்கு தலைவரே! மூட்டை போட்டா நசுங்கிடும். அடைக்கிறதுக்குள்ள தண்ணி மூக்குக்கு வந்துரும்!"

சம்மட்டி இதைக் கத்திக்கொண்டே மரங்களை எண்ணினான். தொண்ணூற்றாறு மரமும் அவன் அடித்தவை. ஒவ்வொன்றும் எப்படி இறங்கியது என்பது அவன் தோளுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு மரம் இறங்கப் பதினாலு பதினைந்து போடு போடவேண்டும். முனையிலிருந்து ஏழாவது மரம் மூன்றே போட்டில் போய்விட்டது. கீழே வெறும் சேறு. பிடுங்கி வேறு இடத்தில் அடித்திருக்க வேண்டும்; கடைசி நாள் அலுப்பில் விட்டுவிட்டான், யாரிடமும் சொல்லவும் இல்லை. தக்கை மாட்டிக்கொண்டிருந்தது ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில்.

"டேய், கட்டு போயிடும்டா!" தலைவர் அவன் தோளைப் பிடித்தார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? சம்மட்டி அவரை உதறித் தள்ளினான். ஏழாவது மரத்தின் தலையைப் பள்ளத்துப் பக்கமாகப் பார்த்து ஓங்கி அடித்தான். மரம் முனகியது. இரண்டாவது அடியில் சாய்ந்தது. அவன் மூன்றாவது அடியை அடிக்கவே இல்லை, வெள்ளம் அடித்தது. மரம் அடியோடு பிடுங்கிக்கொண்டு போக, பக்கத்து மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. மூட்டைகள் வெடித்துச் சிதறின. மற்றவர்கள் கரைக்கு ஓடித் தாவினார்கள். காலுக்குக் கீழே கட்டு இல்லை. சம்மட்டி விழும்போது, காம்பை விடாமலே, மறுகையால் எட்டித் தக்கையின் இடுப்பைப் பிடித்தான்.

அதன்பிறகு அவர்கள் மனிதர்களாக இருக்கவில்லை, வெள்ளத்தில் போகும் கட்டைகளாக இருந்தார்கள். மரம் இடித்தது. கல் இடித்தது. உருண்டார்கள். ஏதோ ஒன்று சம்மட்டியின் விலாவில் உலக்கை போல் மோதியது. கண்ணைத் திறந்தால், மீன். அவன் கை நீளத்துக்கு ஒரு பெண் கெண்டை. அதன் பின்னால் இன்னொன்று. மண்டை பிளந்தவை, முதுகில் ஈட்டி பட்டவை, எல்லாம் அவர்கள் மேலேயே முட்டி மோதிக்கொண்டு பள்ளத்துக்குள் பாய்ந்தன.

நூறு கெஜம் தள்ளி, இடுப்பளவுத் தண்ணீரில், புல்லுக்கு நடுவே இருவரும் ஒதுங்கினார்கள். சம்மட்டி தக்கையை ஒரு புதரின் மேல் சாய்த்துப் போட்டான். ஒடிந்த கை முழங்கைக்குக் கீழே வேறு திசையைப் பார்த்தது. தக்கை வாந்தி எடுத்தான், பிறகு மூச்சு விட்டான். சம்மட்டி அப்போதுதான் தானும் மூச்சு விட்டான்.

பள்ளத்தில் அலை அடங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. சம்மட்டி தன் சட்டையைக் கிழித்துத் தக்கையின் கையில் குச்சி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, சுற்றிலும் புல்வெளி கொதிக்கத் தொடங்கியது. ஆண் மீன்கள் பெண் மீனைத் துரத்தி, இடித்து, புல்லோடு புல்லாக நசுக்கின. வால்கள் தண்ணீரை அறைந்தன. பார்த்தால் சண்டை என்றுதான் தோன்றும். ஒரு மீன் அவன் முழங்காலை உரசித் துடித்துவிட்டுப் போனது. குனிந்து பார்த்தான். புல்லின் ஒவ்வொரு இதழிலும் மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தன. தண்ணீரில் கிடந்த தன் சம்மட்டியைத் தூக்கினான். தக்கையின் கையை முறித்த காம்பில், நுனி முதல் அடி வரை, மீன் முட்டை.

இருபது வருஷம் ஆற்றில் வேலை செய்தவன் இதைப் பார்த்ததே இல்லை. வெள்ளம் நிற்கும்போது பள்ளத்துக்குள் எவனும் இறங்கமாட்டான். வற்றிய பிறகு பொறுக்கத்தான் வருவான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது.

அழுது முடிக்க விடவில்லை. கரை வழியாகச் சுற்றிக்கொண்டு சங்கத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் இத்தனை மீன் தன்னை மறந்து கிடப்பதைப் பார்த்ததும் அவர்கள் கண்ணில் வேறு எதுவும் படவில்லை. வந்த வேகத்தில் முதல் ஆள் தடியை ஓங்கி ஒரு கெண்டையை அடித்து மல்லாத்தினான்.

"போதும்! இனி ஒரு மீன் மேல தடி விழக்கூடாது!" சம்மட்டி குறுக்கே போய் நின்றான்.

"துரோகி!" தலைவரின் தடி அவன் வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் தண்ணீரில் போயின. அடுத்தது தோளில். அடுத்தது ஏற்கனவே இடிபட்ட விலாவில். அவன் கையில் சம்மட்டி இருந்தது; ஒரு வீச்சு வீசினால் தலைவரின் மண்டை நிற்காது. அது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் வீசவில்லை. விழுந்தான், எழுந்து அதே இடத்தில் நின்றான். மறுபடி விழுந்தான், மறுபடி நின்றான்.

"கையை எடுய்யா!"

கத்தியக்கா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தாள். ஒரு கையில் வெட்டுக்கத்தி, ஒரு கையில் அந்தத் தூக்கு. ஆட்கள் வழிவிட்டார்கள், அந்தக் கத்திக்கு வழிவிடாதவன் யார்? நேரே தம்பியிடம் போனாள். கையைப் பார்த்தாள். திரும்பி வந்து, ரத்தம் ஒழுக நின்ற கணவனின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவனை நீ என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு, அடிபட்டு மிதந்த கெண்டையைப் பிடித்து, தலைவரின் கண்ணுக்கு நேரே வயிற்றைக் கிழித்தாள். மஞ்சள் சினை மணி மணியாக உதிர்ந்து அவர் கையில் விழுந்தது. தூக்கைத் திறந்து பழுப்புச் சினையை அவருடைய இன்னொரு கையில் கொட்டினாள்.

"ரெண்டும் ஒரே ஆத்து மீனு தலைவரே. இது இன்னிக்கு வந்து சேர்ந்தது. அது போன தண்ணியில கட்டுல முட்டிட்டுத் திரும்பிப் போனது. நல்லா மோந்து பாருங்க. நாம மூணு வருஷமா என்ன செஞ்சோம்னு தெரியும்."

தலைவர் மோந்து பார்க்கவில்லை. ஆனால் நாற்றத்துக்கு அனுமதி வேண்டுமா என்ன? முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு ஆள் தன் காலைத் தூக்கிப் பார்த்தான். கணுக்கால் முழுக்க முட்டை ஒட்டியிருந்தது. எங்கே மிதிப்பது என்று தெரியாமல் ஒற்றைக்காலில் நின்றவன், தடியைத் தண்ணீரில் போட்டான். இன்னும் இரண்டு பேர் போட்டார்கள். எல்லாரும் போடவில்லை.

"சரி, தண்ணி வத்தட்டும்" என்றார் தலைவர். "அப்போ குட்டையில செத்து நாறுற மீனைக் கூடை கூடையா உங்க வாசல்ல கொண்டாந்து கொட்டுறேன். அதுக்கப்புறம் பேசு."

ஏழு வாரம் கழித்து, சொன்னதைச் செய்தார். தலைவரும் வாக்குத் தவறாதவர்தான். ஒரு கூடை செத்த மீனைத் தூக்கிக்கொண்டு, நாலு ஆட்களோடு வந்தார். வீட்டில் யாரும் இல்லை. மூவரும் பள்ளத்து வாயில் இருந்தார்கள். தண்ணீர் உள்ளேயிருந்து ஆற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கத்தியக்கா இந்த ஏழு வாரமும் தம்பிக்கு ஊட்டிவிட்டாள். கணவனுக்குச் சோற்று வட்டிலை நகர்த்திவைத்ததோடு சரி. பேச்சு கிடையாது.

தலைவர் அங்கேயே வந்து கூடையைச் சம்மட்டியின் காலடியில் கவிழ்த்தார். "எண்ணிப் பாரு. இருநூறு மீனு. வாயை அடைச்சிருந்தா இதெல்லாம் செத்திருக்குமா?"

சம்மட்டி பக்கத்தில் கிடந்த வாளியை ஓடும் தண்ணீரில் ஒரு முக்கு முக்கித் தூக்கித் தலைவரின் கையில் கொடுத்தான். வாளி கருத்திருந்தது. விரல் நகம் அளவுக் குஞ்சுகள், தண்ணீருக்கு இடமில்லாமல் நெளிந்தன. வாய் முழுக்க, கரையிலிருந்து கரை வரைக்கும், அதேபோல் கருப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

"இதையும் எண்ணுங்க தலைவரே" என்றான். பல் போன இடத்தில் காற்றுப் போனது. ஆனாலும் வார்த்தை தெளிவாக வந்தது. "வருஷா வருஷம் குட்டையில செத்ததை எண்ணினோம். பொறந்ததை ஒருநாளும் எண்ணலை. வெள்ளம் மீனைத் திங்கலை, வெள்ளம்தான் மீனைப் பெத்துப் போடுது. ஆறு கரையைத் தாண்டுறது தப்புன்னு நெனச்சு நாம அடைச்சது அதோட கருப்பையைத்தான். அதுக்குக் காவல் நின்ன பாவி நான்."

தலைவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ குட்டையில சாகுறதுக்கு என்ன பண்றது? பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?" என்றார். குரலில் பழைய சூடு இல்லை.

"மாட்டினதுல பாதி கொக்குக்கும் மண்ணுக்கும் போகட்டும், அதுங்களும் இங்கதானே பொழைக்குது" என்றாள் கத்தியக்கா. "மிச்சத்தைக் காப்பாத்தணும்னா குட்டைக்கும் ஆத்துக்கும் நடுவுல ஒரு கால்வாய் கீறிவிட்டா ஆச்சு. அரைநாள் வேலை. அதுக்கு ஒரு மண்வெட்டி போதும் தலைவரே. நீங்க தொண்ணூத்தாறு மரம் அடிச்சீங்க, மேல்கரைக்காரன் தாடையை உடைச்சீங்க, என் தம்பி கையை ஒடிச்சீங்க."

தலைவர் குனிந்து, வாளியைத் தண்ணீரோடு தண்ணீராகச் சாய்த்தார். ஒரு குஞ்சு வாளியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டது. அதை விரலால் தொட்டு ஓட்டத்தில் விட்டார். சட்டையைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டு, குட்டைகள் இருக்கும் பக்கம் நடந்தார். ஆட்களும் பின்னால் போனார்கள்.

தக்கையின் கை கூடியிருந்தது, ஆனால் கோணலாக. இனி அந்தக் கையால் வலை வீச முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இடது கையால் மண்வெட்டியைத் தூக்க முயன்றான். அது பாதியில் சரிந்தது. சம்மட்டி ஓடிப்போய்ப் பிடித்தான்.

"மாப்ள, என்னை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

தக்கை அவனையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தான். "எலும்பு ஒடிஞ்சா கோணலாவாவது கூடுது மாமா. பொறக்காமப் போன மூணு வருஷத்து மீனு எதால கூடும்?" என்றான். பிறகு மண்வெட்டியை விட்டுவிட்டான். "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். எனக்கு ஒரு கை போச்சு, உங்களுக்கு ரெண்டு இருக்கு. முதல்ல வெட்டுங்க."

சம்மட்டி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினான்.